சொறி என்று நான் எழுதிய சீட்டு

1. சொறிந்துகொண்டு நின்ற வரிசை

ஏழாயிரம்பண்ணை மருந்தகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் சொறிந்துகொண்டு நின்றார்கள். கை, கழுத்து, முதுகு என்று ஆளுக்கொரு இடம். எனக்குப் பகீரென்றது. ஏதோ தொற்று ஊரையே பிடித்திருக்கிறது என்று நினைத்து, வந்த அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். வியாழக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கிய டாக்டரம்மா அந்தக் கடிதத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துச் சிரித்தார்.

"ஞானம், இவங்க எல்லாம் பயர் ஆபீஸ்காரங்க. சொறியாம ஒருத்தர் வந்தாதான் நீ கடிதம் போடணும்."

பட்டாசுத் தொழிற்சாலையைச் சிவகாசிப் பக்கம் பயர் ஆபீஸ் என்பார்கள். ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி, மின்விசிறி என்று நினைக்க வேண்டாம். கரிசல் காட்டின் நடுவில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். உள்ளே கந்தகம், வெடியுப்பு, அலுமினியப் பொடி. வேலை முடிந்து வருகிறவர்களின் முகமும் கையும் வெள்ளி பூசிய சிலை மாதிரி மினுங்கும். அந்தப் பொடி வேர்வையோடு சேர்ந்தால் அரிக்காமல் என்ன செய்யும்?

இது நடந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். மிஷன் ஆஸ்பத்திரியின் கிளை என்று பெயர்தான் பெரிது. இரண்டு அறை, ஒரு வேப்பமரம், ஒரு மருந்து அலமாரி. டாக்டரம்மா வியாழக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் ராஜாவும் நான்தான், மந்திரியும் நான்தான். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். மூன்றே மாதத்தில் அரிப்பில் நான் கைதேர்ந்தவளாகிவிட்டேன் என்று எனக்கே நினைப்பு. ஆள் வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவேன். பொடி அரிப்பு என்றால் காலமைன் லோஷன். சொறி என்றால் பென்சைல் பென்சோவேட், உடம்பெல்லாம் பூச வேண்டும், துணியை வெந்நீரில் போட வேண்டும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். வீட்டில் பயர் ஆபீஸில் வெடிமருந்து தொடுகிறவர் மட்டும் சொறிந்தால் அது பொடி. மருந்தே தொடாத இன்னொருவரும் சேர்ந்து சொறிந்தால் அது தொற்றுச் சொறி. எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் பத்துக்கு ஒன்பது தடவை சரியாகவே இருந்தது. அந்த ஒன்பது தடவையும் சேர்ந்துதான் என்னைக் கெடுத்தது.

2. சீனியம்மாள்

சீனியம்மாளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். பயர் ஆபீஸில் பட்டாசுச் சரம் பின்னுகிறவள். பேச்சு ஓயாது. இடுப்பில் பொன்னு என்ற ஒன்றரை வயதுப் பிள்ளை. வரிசையில் நிற்கிறவர்களை எல்லாம் சிரிக்க வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

"நர்சம்மா, உங்களுக்கு ஒரு மாப்ள பாத்து வச்சிருக்கேன். எங்க போர்மேன்தான். ஒரு கண்ணு மட்டும் சாத்தூரப் பாக்கும், இன்னொண்ணு சிவகாசியப் பாக்கும். பரவால்லையா?"

"ரெண்டு கண்ணும் உன்னைப் பாக்காம இருந்தா சரிதான். கையை நீட்டு."

அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து நான் தனியாக அறையில் உட்கார்ந்திருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பொன்னு என் மடியில் ஏறிக் கடிகாரச் சங்கிலியைக் கடிப்பாள். அவளைத் தூக்கினால் பால் வாசனையும் விளக்கெண்ணெய் வாசனையும் அடிக்கும்.

அரிப்பு என்று சீனியம்மாள் முதலில் வந்தபோது, ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் காலமைன் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் வந்தாள். உடம்பெல்லாம் நகக் கீறல். தோல் வறண்டு, கறுத்து, மங்கிப்போயிருந்தது. முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. தூக்கம் கெட்டதால் என்று நினைத்தேன். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. இந்த ஊரில் எந்தப் பொம்பிளைக்கு ரத்தம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். முழங்கையிலும் தொடையிலும் நீலமாக ரத்தம் கன்றியிருந்தது.

"உண்மையைச் சொல்லு. உன் புருஷன் அடிக்கிறானா?"

அவள் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கை பறந்தது. "அவரா? கொசுவ அடிக்கணும்னாலே நாலு தடவ யோசிப்பாரு நர்சம்மா. எங்கயாச்சும் லேசா இடிச்சாலே இப்பிடி நீலம் பாரிச்சிருது."

அவளோடு வந்திருந்த புருஷன் கருப்பசாமியும் வாசலுக்கு வெளியே கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான். அவன் அதே ஆபீஸில் லோடு ஏற்றுகிறவன். மருந்து தொடுவாயா என்று கேட்டேன். இல்லை, பெட்டி தூக்குகிற வேலைதான் என்றான். என் கணக்குக்கு அது போதுமாக இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு பேர், அதில் ஒருவன் மருந்து தொடாதவன். சீட்டை எடுத்து ‘சொறி’ என்று எழுதினேன்.

சொறி என்றால் விரலிடுக்கில் பொடிப்பொடியாகக் கோடும் கொப்புளமும் இருக்க வேண்டும். அவள் விரலிடுக்கைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பார்த்தும் எழுதினேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

"பிள்ளையைப் பக்கத்துல சேக்காதே. தூக்காதே, தொடாதே. பாலையும் நிறுத்திரு. பச்சப் பிள்ளைக்கு இது தொத்திச்சுன்னா புண்ணு வச்சிரும்."

சீனியம்மாள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "பால் மறக்காத பிள்ளம்மா. நான் தொடாம யாரு தொடுவா?"

"பதினஞ்சு நாள்தான். யார் வீட்டுலயாவது விடு."

மறுநாளே பொன்னுவை ஆனைக்குட்டத்தில் கருப்பசாமியின் அக்கா வீரம்மாள் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வீரம்மாளுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை.

3. கழுவாமல் வந்த முகம்

பதினைந்து நாளில் அரிப்பு போகவில்லை. சரியாகப் பூசவில்லை என்று அவளைத்தான் திட்டினேன். திரும்பவும் பூசச் சொன்னேன். அது முடிந்தும் போகவில்லை. பாயைக் காயவைக்கவில்லை என்று சொன்னேன். சொறிதானே என்று டாக்டரம்மாவிடம் காட்டவும் இல்லை. கருப்பசாமிக்கு எப்போதோ சரியாகிவிட்டிருந்தது. மருந்து வேலை செய்ததற்கு அதையே சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டது ஒரே கேள்விதான். "இப்பப் பிள்ளையக் கூட்டியாரலாமா நர்சம்மா?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

ஒரு தடவை பொறுக்க முடியாமல் ஆனைக்குட்டத்துக்கே போயிருக்கிறாள். நான் சொன்னதை மதித்து வாசலுக்கு வெளியே தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்தாளாம். "முடி வளந்துருக்கு நர்சம்மா. ரெட்டச் சடை போட்டுருக்காக," என்று சொன்னாள். பால் கட்டி மார் வலித்தது முதல் மாதத்தோடு நின்றுவிட்டது என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் கொஞ்ச நாள் அவள் வரவில்லை. கோபமாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு வியாழக்கிழமை முற்பகல், கருப்பசாமி அவளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தான். பாதி உடம்பாகியிருந்தாள். காலில் ஒரு துணி சுற்றியிருந்தது. நெற்றியிலும் மூக்கின் பக்கங்களிலும் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஆபீஸ்ல இருந்து வந்தா முகத்தைக் கழுவிட்டு வான்னு. இந்த உடம்போட உனக்கு வேலை வேற கேக்குதா?" என்று சொல்லிக்கொண்டே ஈரத்துணியால் அவள் நெற்றியைத் துடைத்தேன்.

சீனியம்மாள் மெதுவாகச் சொன்னாள். "நான் ஆபீசுக்குப் போயி ரெண்டு மாசமாச்சே நர்சம்மா."

துணி என் கையில் அப்படியே நின்றது. அலுமினியப் பொடி என்றால் மினுங்க வேண்டும். இது மினுங்கவில்லை. உப்பளத்தில் காய்ந்த ஓரம் மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தபோது அவள் மூச்சில் மூத்திர வாடை அடித்தது. நான் உள்ளே ஓடி டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

4. சோதனைக் குழாய்

டாக்டரம்மா அவளை உட்கார வைத்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கையளவு தோல் கறுத்துச் செத்துப்போயிருந்தது. பிறகு என்னிடம், "மூத்திரம் பாத்தியா?" என்று கேட்டார்.

கர்ப்பிணி என்று யார் வந்தாலும் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் சூடுகாட்டிப் புரதம் போகிறதா என்று பார்ப்பேன். இரண்டு நிமிஷ வேலை. இவள் கர்ப்பிணி இல்லை. சொறிகிறவள். சொறிகிறவர்களுக்கு நான் அதைப் பார்ப்பதில்லை.

இப்போது பார்த்தேன். சூடு ஏற ஏற, முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி குழாய் முழுக்க வெள்ளையாகத் திரண்டு நின்றது.

டாக்டரம்மா என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். "சிறுநீரகம் ரெண்டும் போச்சு, ஞானம். பிள்ளை பெத்தப்பவே கால் வீக்கமும் ரத்தக் கொதிப்பும் இருந்திருக்கும். மூத்திரத்துல போக வேண்டிய கழிவெல்லாம் ரத்தத்துலயே நிக்குது. அதான் அந்த அரிப்பு. நீ துடைச்சது பொடி இல்ல. வேர்வையில வந்து காய்ஞ்ச யூரியா, அந்தக் கழிவுதான். கால்ல சின்ன ரத்தக் குழாய் அடைச்சுத் தோல் செத்திருக்கு. உடம்புல அங்கங்க நீலமாக் கன்றியிருக்கே, அதுவும் இந்தக் கெட்ட ரத்தத்தாலதான்."

"மதுரைக்குக் கொண்டு போனா?"

"யூரியா எவ்வளவு இருக்குன்னு அங்க அளந்து சொல்லுவாங்க. இறக்கத்தான் வழியில்ல." இன்று வாரம் மூன்று முறை மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருஷக்கணக்கில் இருக்கிறார்கள். அன்று எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மிஷினை யாரும் கண்ணால் கண்டதில்லை.

"இது தொத்துமா டாக்டரம்மா?" என்று கேட்டேன். பதில் தெரிந்துதான் கேட்டேன்.

"யாருக்கும் தொத்தாது."

கருப்பசாமியைத் தனியாக அழைத்து டாக்டரம்மாவே விஷயத்தைச் சொன்னார். உனக்கு அரித்த அந்த மாதம் கந்தக மூட்டை ஏதும் தூக்கினாயா என்று நான் அவனிடம் கேட்டேன். அந்த மாதம் சீசன் லோடு அதிகம், நாலு வாரம் மூட்டைதான் தூக்கினேன் என்றான். பெட்டியா மூட்டையா என்று அன்றைக்கு நான் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

சீனியம்மாளை உள்ளே கட்டிலில் படுக்க வைத்திருந்தோம். அவளிடம் நானே சொல்வதென்று போனேன். "சீனி, நான் தப்பாச் சொல்லிட்டேன். இது சொறி இல்ல. சிறுநீரகத்துல வந்த நோய். யாருக்கும் ஒட்டாது."

விட்டத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்ப நான் பிள்ளையத் தொட்டிருக்கலாமா?"

"தொட்டிருக்கலாம்."

"இந்த நாலு மாசமுமா?"

நான் தலையை ஆட்டினேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இப்பக் கூட்டியாருவீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

5. ஆனைக்குட்டம்

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சாத்தூர் போய், அங்கிருந்து பஸ் மாறி ஆனைக்குட்டம் போனேன். கருப்பசாமி கூட வருகிறேன் என்றான். பிரித்தது நான், நான்தான் போக வேண்டும் என்று சொல்லி அவனை அவளோடு இருக்கச் சொன்னேன். எத்தனை நாள் இருப்பாள் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. ‘சீக்கிரம் போ’ என்று மட்டும் சொல்லியிருந்தார்.

வீரம்மாள் வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். பொன்னு ரெட்டைச் சடையோடு அவள் முதுகில் தொங்கிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். வீரம்மாள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்குத் தொட்டா ஒட்டிக்கிரும்னு சொன்னதும் நீங்கதான. இன்னைக்கு ஒட்டாதுன்னு சொல்றதும் நீங்கதான. எத நம்ப?"

"நான் வெறுங்கையால அவளைத் துடைச்சு விட்டுக்கிட்டு இருக்கேன் வீரம்மா."

"உங்களுக்குப் பிள்ள இருக்கா?"

"இல்ல."

"பெறகென்ன," என்று சொல்லிவிட்டுப் பொன்னுவை முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் காலில் புதுத் தண்டை. உத்தரத்தில் சேலைத் தொட்டில். சுவரில் பிள்ளைக்கு எட்டும் உயரத்துக்குக் கரிக்கோட்டுக் கிறுக்கல், யாரும் அதைத் துடைக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீரம்மாளுக்குப் பயம் நோயைப் பற்றி மட்டும் இல்லை. நான் எழுதிய சீட்டு ஒருத்தியிடமிருந்து பிள்ளையை எடுத்து, பன்னிரண்டு வருஷம் ஏங்கிக் கிடந்த இன்னொருத்தி மடியில் போட்டிருந்தது.

"பிள்ளையை உங்ககிட்ட இருந்து பிடுங்க வரல," என்றேன். "அவளுக்கு நாள் இல்ல, வீரம்மா."

வீரம்மாள் எழுந்தாள். புடைத்த கம்பை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்ப் பிள்ளைக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாத்தூரில் பஸ் மாறினோம். ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன் நர்சம்மா. அவ சொகமாகக் கூடாதுன்னு இல்ல. அப்பிடி நெனச்சா என் நாக்கு அழுகிப் போகும். மெதுவாச் சொகமாகட்டும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

6. கட்டில்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று இருக்கும். சீனியம்மாளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தான் கருப்பசாமி. தலை வாரி, முகத்தில் படிந்த உப்பைத் துடைத்து, காலை மூடியிருந்தான்.

"பொன்னு," என்று கையை நீட்டினாள். பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டு வீரம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. சீனியம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "பயப்படுறா. விடுங்க மதினி, தூரத்துல இருந்தே பாத்துக்கிறேன்," என்றாள்.

அப்போது வீரம்மாள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நேராகப் போய் அதே கட்டிலில் சீனியம்மாளின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். பிள்ளையைத் தன் மடியில் போட்டுத் தட்டினாள். பிள்ளையின் கால்கள் இரண்டும் சீனியம்மாளின் மடியில் கிடந்தன. சீனியம்மாள் அந்தக் கால்களின் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அழுது ஓய்ந்து பொன்னு தூங்கிவிட்டாள். தூங்கியதும் வீரம்மாள் மெல்லத் தூக்கி, பிள்ளையைச் சீனியம்மாளின் மார்பில் சாய்த்தாள்.

"கனத்துட்டா," என்றாள் சீனியம்மாள். "நல்லா வளத்துருக்கீக மதினி."

வீரம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அலமாரியைத் துடைக்கிற மாதிரி திரும்பி நின்று அழுதேன்.

அரை மணி நேரம் கழித்துப் பொன்னு கண் விழித்தாள். மறுபடியும் அழப்போகிறாள் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அழவில்லை. சீனியம்மாள் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தன் சின்ன விரல்களை வைத்து அவளும் அங்கே சொறியத் தொடங்கினாள்.

அந்தத் தோல் காய்ந்த வெங்காயச் சருகாகியிருந்தது. நகம் பட்டால் கன்றிவிடும், புண்ணாகிவிடும். ‘தொடாதே’ என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன்.

"அங்கனதான் தாயி," என்றாள் சீனியம்மாள். "அங்கனதான்."

7. நர்ஸ் வேலைக்கு வருகிறவர்களுக்கு

சீனியம்மாள் அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாள். ஒன்பது நாளும் வீரம்மாள் ஆனைக்குட்டத்துக்குத் திரும்பிப் போகவில்லை. கடைசி இரண்டு நாள் சீனியம்மாளுக்கு நினைவு இல்லை. அப்போதும் பிள்ளையை அவள் பக்கத்திலேயே படுக்க வைத்தோம். பொன்னு அத்தை வீட்டில்தான் வளர்ந்தாள்.

அதற்குப் பிறகு யார் சொறிந்துகொண்டு வந்தாலும் சிறுநீரைச் சூடுகாட்டிப் பார்க்காமல் நான் சீட்டு எழுதியதில்லை. ‘அரிக்குதுன்னு வந்தா இந்தம்மா மூத்திரத்தக் கேக்குது’ என்று பயர் ஆபீஸில் கேலி பேசினார்கள். பேசட்டும். பெரும்பாலும் குழாய் தெளிவாகவே இருக்கும். அப்படித் தெளிவாக இருக்கும்போதெல்லாம் எனக்கு வருகிற நிம்மதியில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கும். இவள் குழாய் மாதிரி அவள் குழாயும் இருந்திருக்கக் கூடாதா என்று.

உங்களுக்கு இன்று ரத்தப் பரிசோதனை எல்லாம் அரை மணியில் வந்துவிடும். அதனால் என் ஸ்பிரிட் விளக்கை நீங்கள் படிக்க வேண்டியதில்லை. படிக்க வேண்டியது வேறு. ஒருவரைத் தொடாதே என்று சொல்வதும் ஒரு மருந்துதான். அதையும் அளவு பார்த்து, நாள் குறித்து, ஆளைத் திரும்பப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நான் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் எதிரே வந்தாலும் எனக்கு அவள் ஞாபகம் வந்துவிடுகிறது. அவளை அப்படி ஒரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. முதல் நாளே கண்டுபிடித்திருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டரம்மா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். உண்மைதான். அவள் நோய் என் கையில் இல்லை. அந்த நாலு மாதம் என் கையில் இருந்தது.